ராகிப் புல்லும் தீக்குச்சிக் கணக்கும்

கொட்டாங்கச்சியில் முளைத்த ராகிப் புல்லைத்தான் முதலில் சொல்ல வேண்டும். கிறிஸ்துமஸ் குடிலில் பரப்பப் பசும்புல் வேண்டுமென்று, பட்டாளம் தங்கிய எங்கள் தண்டுப் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் டிசம்பர் பிறந்ததுமே ராகியை ஊறவைத்து மண்ணில் தூவிவிடுவார்கள். இப்போது விவேக் நகர்க் கடைகளில் பிளாஸ்டிக் புல்லைப் பாய் மாதிரி சுருட்டி வைத்து விற்கிறார்கள். நல்லதுதான், தண்ணீர் தெளிக்கிற வேலை இல்லை. ஆனால் அதைத் தீக்குச்சி வைத்து அளக்க முடியாது. இன்றைக்கு இருக்கிற உயரம்தான் நாளைக்கும்.

அப்படி அளக்கச் சொல்லிக் கொடுத்தவர் சின்ன வகுப்பு டீச்சரம்மா. சண்டைக் காலம் அது. பட்டாள லாரி போகிற ரோட்டை ஒட்டி எங்கள் மடத்துப் பள்ளிக்கூடம். பட்டாளத்தோடு போன என் வீட்டுக்காரர் திரும்பாமல் போனதும் நான் அங்கே ஆயாவாகச் சேர்ந்தேன். யாரிடமும் கை நீட்டாமல் என் கஞ்சியை நானே காய்ச்சிக் குடித்தவள். அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. இதோ இந்த நாலு எழுத்தும் அந்த வகுப்புக் கதவோரம் உட்கார்ந்து கூட்டிப் படித்ததுதான்.

மற்ற வகுப்புகளில் வாய்ப்பாடு கூரையைப் பிய்க்கும். டீச்சரம்மா வகுப்பில் சத்தமே இருக்காது. மழைக் காலத்தில் காகிதக் கப்பல் செய்து தொட்டித் தண்ணீரில் விடுவார். எத்தனை புளியங்கொட்டை ஏற்றினால் கப்பல் முழுகும் என்று பிள்ளைகள் விரலைக் காட்ட வேண்டும். பனி விழுகிற மாதத்தில் அவரைக்காய் மலிந்து கிடக்கும். ஆளுக்கொரு காயைக் கொடுத்து, உள்ளே எத்தனை கொட்டை என்று விரலால் காட்டச் சொல்வார். பிறகு விண்டு பார்ப்பார்கள். எத்தனை கூட, எத்தனை குறைச்சல் என்பதற்கும் விரல்தான். கையெல்லாம் அவரைக்காய் வாசனையோடு வீட்டுக்குப் போகும் பிள்ளைகள். காசு செலவில்லாமல் இப்படி ஒரு புதுப் பாடமா என்று மடத்தை நடத்திய மதர் பெருமையாகப் பேசுவார்.

அது எதனால் வந்த பாடம் என்று எனக்குத் தெரியும். ஒருநாள் அவர் முதுகுக்குப் பின்னால் என் கை தவறி வெண்கலக் குடம் சிமெண்டுத் தரையில் விழுந்து உருண்டது. அடுத்த வகுப்பிலிருந்து ஆள் ஓடி வந்தது. டீச்சரம்மா திரும்பவில்லை. கரும்பலகையில் மாங்காய் வரைந்துகொண்டே இருந்தார். திரும்பி என் முகத்தைப் பார்த்தபோதுதான் அவருக்கு விளங்கியது. சாயங்காலம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆயா, யார்கிட்டயும் சொல்லிடாதே. இந்த வகுப்பை விட்டா எனக்குப் போக்கிடம் இல்லே" என்றார். கல்யாணம் ஆகாதவர். கோயிலுக்குப் பின்னால் ஒற்றை அறையில் இருந்தார். காது கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது. பிள்ளை சொல்கிற விடை காதில் விழாது; கண்ணில் விழும் என்றுதான் எல்லாக் கணக்கையும் விரலுக்குக் கொண்டுவந்தார்.

அன்றிலிருந்து அவருக்குக் காது நான். மதர் கூப்பிட்டாலோ மணி அடித்தாலோ கதவோரம் நின்று முந்தானையை உதறுவேன். மத்தியானம் வேப்பமரத்தடியில் இருவரும் சேர்ந்து சாப்பிடுவோம். பேச வேண்டுமானால் நான் கத்த வேண்டும், கத்தினால் வெளியே தெரிந்துவிடும். அதனால் வாயே திறப்பதில்லை. தோட்டக்காரர் கிண்டல் செய்வார்: "என்ன ஆயாம்மா, டீச்சர் உன்கூட டூவா? இல்லே, சோத்துக்குக் காது கேட்கும்னு பயமா?" எனக்கும் வீட்டில் பேச ஆளில்லை. ஆனாலும் அந்த மரத்தடியில் பேசாமல் இருந்தது வேறு மாதிரி.

அந்த டிசம்பரில் இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா வந்தார். பிள்ளைகள் கொட்டாங்கச்சியை மடியில் வைத்துக்கொண்டு தீக்குச்சியால் புல்லை அளந்துகொண்டிருந்தார்கள். "என்து நாலு குச்சி, அவளுது மூணு, அவளுக்கு ஒரு குச்சி கம்மி" என்று ஒரு சிறுமி சொன்னதும் அந்த அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இந்த நேரம் பார்த்து மதர் என்னைக் காபி கொண்டுவர அனுப்பினார்.

திரும்பி வந்து வாசலில் நிற்கிறேன், இரண்டு கையிலும் தட்டு. "டீச்சர், இதையெல்லாம் எங்கே கத்துக்கிட்டீங்க?" இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா பின்னால் நின்று கேட்கிறார். டீச்சரம்மா குனிந்து ஒரு கொட்டாங்கச்சியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மறுபடியும் கேட்கிறார். முந்தானையை உதற எனக்குக் கை இல்லை. அப்போது முன்வரிசையில் இருந்த மூக்கொழுகிச் சிறுமி எழுந்து போய், டீச்சரம்மாவின் மணிக்கட்டைத் தொட்டு, பின்னால் காட்டினாள். அவள் ஒருத்தி மட்டுமா? இன்னும் மூன்று நான்கு பிள்ளைகள் அதற்கென்றே எழுந்து நின்றார்கள், தினம் செய்கிற வேலை போல. ஆமாம், தினம் செய்கிற வேலைதான். அந்த வகுப்பில் ஒரு பிள்ளையும் "டீச்சர்" என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. தொட்டுவிட்டுத்தான் பேசும். கதவோரமே கிடந்த எனக்கு அது அதுவரை உறைக்கவில்லை.

இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாவுக்கு உறைத்தது. நகர்ந்து போய் மறுபடியும் டீச்சரம்மாவின் பின்னால் நின்று பலமாகக் கைதட்டினார். வகுப்பு முழுதும் திரும்பியது. ஒருத்தரைத் தவிர.

அந்த அம்மா கெட்டவர் இல்லை. முகம் வாடித்தான் வெளியே போனார். ஆனால் விடுமுறைக்கு முன்பே மதர் சொல்லிவிட்டார், ஜனவரியில் வர வேண்டாமென்று. டீச்சரம்மா எல்லாக் கொட்டாங்கச்சியையும் குடிலைச் சுற்றி அடுக்கி வைத்துவிட்டு என்னிடம் வந்தார். "பாத்தியா ஆயா, பசங்களுக்கு முன்னமே தெரிஞ்சிருக்கு" என்றார். சிரித்தார், கண்ணில் தண்ணீர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் ஒருத்திதான் அவருக்குக் காது என்று நினைத்திருந்தேன். கோலாரில் இருந்த அண்ணன் வீட்டுக்குப் போனவர்தான், பிறகு நான் பார்க்கவில்லை.

ஜனவரியில் புது டீச்சர் வந்தார், கணீரென்ற குரல். முதல் நாளே ஒரு பிள்ளை போய் அவர் கையைத் தொட்டது. "தள்ளி நின்னு பேசு! எனக்கென்ன காது கேட்காதா?" என்றார். யாரும் சிரிக்கவில்லை. பிள்ளை தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றது. சீக்கிரமே எல்லாரும் கைகட்டி உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்லக் கற்றுக்கொண்டார்கள். அந்தச் சத்தம் வேப்பமரம்வரை வரும். நான் தனியாகச் சாப்பிடுவேன்.

அந்த மூக்கொழுகி மட்டும் மறக்கவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் குழாயடியில் என் பின்னால் வந்து, மணிக்கட்டைத் தொட்டு, நான் திரும்புகிறவரை காத்திருந்து, "தண்ணி" என்பாள். எனக்குக் காது நன்றாகக் கேட்கும். அவள் ஓடி வருகிற காலடி தூரத்திலேயே கேட்கும். ஆனாலும் அவள் வந்து தொடுகிறவரை நான் திரும்பியதில்லை.