அமுக்குணியும் இரண்டு கம்ப்ரஸர்களும்

எங்கள் ஸ்டுடியோவில் பாட்டு மிக்ஸ் செய்பவருக்கு அமுக்குணி என்று பட்டப்பெயர். மனதில் எதையும் ஒளித்து வைக்கிற ஆள் இல்லை, பாவம். எந்தக் குரலையும், சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்யும் இரண்டு கம்ப்ரஸர்களுக்குள் அடுத்தடுத்து விட்டு அமுக்கி எடுப்பார், அதனால்தான்.

ஒருநாள் அவர் மச்சான் பாட வந்தான். பல்லவியில் முணுமுணுத்தான், சரணத்தில் கூரை பறக்கக் கத்தினான்.

“அமுக்க ஒண்ணு போதாதா?” என்று கேட்டேன்.

“ஒரே ஆள் அமுக்கினா கழுத்தை நெரிச்ச மாதிரி இருக்கும். முதல் ஆள் கத்தலை மட்டும் பிடிக்கணும். ரெண்டாவது ஆள் தடவிக் கொடுக்கணும். அமுக்கினதே தெரியாது.”

மிக்ஸ் முடிந்ததும் மச்சான் பாட்டைக் கேட்டுப் பார்த்தான். “மெஷினெல்லாம் எதுக்கு மாமா? என் குரலே ஒரே சீரா இருக்கே!”

அமுக்குணிக்கு ரத்தம் தலைக்கேறியது. நேராக வீட்டுக்குக் கிளம்பினார். நானும் கூடவே ஓடினேன்.

“உன் தம்பி இருக்கானே...” என்று வாசலிலேயே தெரு அதிர ஆரம்பித்தார். மனைவி ஒரு முறை முறைத்தாள். குரல் பாதியாகிவிட்டது. சின்ன மகள் ஓடி வந்து, “என்னப்பா?” என்று கன்னத்தைத் தடவினாள்.

“ஒண்ணுமில்லம்மா. மாமா நல்லா பாடினான்னு சொல்ல வந்தேன்” என்றார், ஒரே சீரான குரலில்.

என் சிரிப்பை அமுக்கத்தான் அங்கே ஆளில்லை.