ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் கொண்டு வாருங்கள்

ரொறொன்ரோவுக்கு வந்து இத்தனை வருடமாகியும் எனக்குப் பழகாத ஒன்று உண்டு. எதற்கெடுத்தாலும் அப்பொயின்ட்மென்ட். பல்லைக் காட்ட அப்பொயின்ட்மென்ட், தலைமயிர் வெட்ட அப்பொயின்ட்மென்ட். பிக்கரிங்கில் இருக்கும் என் கூடப்பிறந்த தங்கச்சி வீட்டுக்குப் போவதென்றாலும் முதலே போன் எடுத்துக் கேட்கவேண்டும். ஒருமுறை கேட்காமல் போய் வாசலில் நின்றேன். அவள் முகம் போன போக்கைப் பார்த்து, தேத்தண்ணிகூடக் குடிக்காமல் திரும்பிவிட்டேன். ஸ்காபரோவில் நான் நடத்தும் கராஜிலும் அதே கதைதான். யாழ்ப்பாணத்தில் நான் வேலை பழகிய காலத்தில் வாகனத்தைத் தள்ளிக்கொண்டு வந்து, "பாத்து வையும், பின்னேரம் வாறன்" என்று விட்டுவிட்டுப் போவார்கள். இங்கே ஒயில் மாற்றவும் நாள் குறிக்கிறோம். இப்படி எல்லாவற்றுக்கும் நாள் குறிக்கிற சனம் கடைசியில் எதற்கெல்லாம் நாள் குறிக்கும் என்று நான் யோசித்துப் பார்த்ததே இல்லை.

இந்தக் கோடை தொடங்கியபோது டக் என்ற முதியவர் வந்தார். முறைப்படி அப்பொயின்ட்மென்ட் எடுத்துத்தான் வந்தார். ஆள் நன்றாக மெலிந்து, சேர்ட் தோளில் தொங்கியது. அவர் கொண்டுவந்த பிக்கப் எழுபதுகளில் செய்தது, இளநீலம், ஓட்டோமாட்டிக் கியர். அதைக் கண்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஊரில் நாங்கள் பழைய வாகனம் ஓடியது வேறு வழியில்லாமல். இங்கே அதைக் காசு செலவழித்து, மினுக்கி, செல்லப்பிள்ளை மாதிரி வளர்க்கிறார்கள். இருவருமாக ஒரு சுற்று ஓடிப் பார்த்தோம். முதலாம் கியர் விடுவதாக இல்லை. எஞ்சின் கத்து கத்தென்று கத்தி, பிறகு பின்னால் யாரோ உதைத்தது போல இரண்டாம் கியருக்குப் பாய்ந்தது. வேறு இரண்டு கராஜில் கியர்பொக்ஸை இறக்கி முழுக்கத் திருப்பிக் கட்டவேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். "வெள்ளிக்கிழமைக்கு முன்னால் கிடைக்குமா?" என்று கேட்டார். "எங்காவது பயணமோ?" என்றேன் நான், பேச்சுக்கு.

"இல்லை. வெள்ளிக்கிழமை நான் சாகிறேன். டொக்டர் வீட்டுக்கு வந்து ஊசி போடுவார். அதற்கு முதல் ஒருதடவை மார்ஜியை ஏற்றிக்கொண்டு ஏரிக்கரையோரம் ஓடவேண்டும். இந்தப் பிக்கப்பில்தான் நாங்கள் பழகத் தொடங்கினோம்" என்றார். மார்ஜி அவருடைய மனைவி. நாளைக்கு மழையாம் என்று சொல்லும் குரலில்தான் அவர் இதைச் சொன்னார். என் ஆங்கிலத்தில்தான் பிழை என்று நினைத்து, திரும்பக் கேட்டேன். அவர் பொறுமையாக விளக்கினார். புற்றுநோய் வருத்தம் உடம்பு முழுக்கப் பரவிவிட்டது, இனிச் சுகமாகாது, இந்த நாட்டுச் சட்டப்படி கேட்டு எடுத்த நாள். இப்படியொரு சட்டம் இருப்பதைச் செய்தியில் கேட்டிருக்கிறேன். ஆனால் அதன்படி நாள் எடுத்த ஒருவர் என் முன்னால் நின்று, கியர் உதைக்கிறது என்று முறைப்பாடு சொல்லுவார் என்று யார் கண்டது?

அவர் போனபின் பிக்கப்பை உயர்த்தி அதற்குக் கீழே நின்றேன். கியர்பொக்ஸ் ஒயிலைத் தொட்டு மணந்து பார்த்தேன். நல்ல சிவப்பு, எரிந்த மணம் இல்லை. உள்ளே எதுவும் கெடவில்லை. அந்தக் காலத்து ஓட்டோமாட்டிக்கில் எஞ்சினிலிருந்து கியர்பொக்ஸுக்கு ஒரு மெல்லிய காற்றுக்குழாய் போகும். எஞ்சின் எவ்வளவு பாரம் இழுக்கிறது என்பதைக் கியர்பொக்ஸ் அந்தக் காற்றின் உறிஞ்சலை வைத்துத்தான் அறியும். சூடான புகைக்குழாய்க்குப் பக்கத்தில் வளைந்த இடத்தில் அதன் ரப்பர் துண்டு வெடித்துக் கிடந்தது. காற்று ஒழுகினால் வாகனம் மலை ஏறுகிறது என்று கியர்பொக்ஸ் நினைத்துக்கொள்ளும். கியரை விடாமல் இறுக்கிப் பிடிக்கும். ஒரு முழ ரப்பர் குழாய் போதும். ஆனால் நான் அதை மாற்றவில்லை. கையைத் துடைத்துவிட்டு, பக்கத்து ரூஜ் பகுதியில் இருக்கும் என் வீட்டுக்குப் போய்விட்டேன்.

மனைவி மேரி மன்னாரைச் சேர்ந்தவள், பூசை தவறாதவள். விசயத்தைச் சொன்னதும் சோற்றுக் கரண்டியோடு அப்படியே நின்றாள். "நாள் பாத்துக் கலியாணம் செய்யிறது தெரியும். நாள் பாத்துச் சாகிறதோ? அதுக்கு நீங்கள் வாகனம் திருத்திக் குடுக்கப் போறியளோ?"

"அந்தாள் ஏரி பாக்கப் போகத்தானப்பா கேக்குது."

"பார்ட் வரேல்லை எண்டு சொல்லுங்கோ. ஒரு மாசம் இழுத்தடியுங்கோ. அதுக்குள்ள கடவுள் மனசை மாத்துவார்."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஏனென்று சொல்கிறேன். யுத்த காலத்தில் பெற்றோல் இல்லாமல் நாங்கள் மண்ணெண்ணெயில் கார் ஓடினோம். ஷெல் விழுந்த ஒருநாள் எங்கள் கராஜ் முதலாளியை, வயிற்றைத் துணியால் கட்டி, அவருடைய பழைய காரிலேயே ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனேன். கார் மூன்று தரம் நின்றது. "தம்பி, என்னை விட்டிடாதை, எப்பிடியும் கொண்டுபோய்ச் சேர்த்திடு" என்று அவர் என் சட்டையைப் பிடித்தபடி வந்தார். நான் அழுதுகொண்டே காபரேற்றரைக் கழற்றி ஊதினேன். அவர் பிழைத்தார். இன்றைக்குப் பாரிசில் இருந்துகொண்டு, சீனி வருத்தத்தோடு லட்டு சாப்பிட்டு மகளிடம் பேச்சு வாங்குகிறார். எங்களுக்கு உயிர் என்றால் அப்படித்தான். பிடித்திழுக்கத்தான் தெரியும், கையை விடுவது எப்படியென்று தெரியாது.

அடுத்தநாள் டக்குக்குப் போன் எடுத்து, பார்ட் அமெரிக்காவிலிருந்து வரவேண்டும், மாதக்கணக்கில் ஆகலாம் என்று புளுகினேன். "பரவாயில்லை. அதற்காக நாள் மாறாது. மார்ஜியின் காரில் போய் ஏரியைப் பார்க்கிறேன். இதில் போக ஆசைப்பட்டேன், அவ்வளவுதான். நீ பார்த்ததற்கு நன்றி" என்றார். வெள்ளிக்கிழமையை நான் அசைக்கவே இல்லை. அவருடைய ஏரிக்கரைப் பயணத்தைத்தான் கெடுத்திருக்கிறேன். "நில்லுங்கள், வேறு வழி இருக்கிறதா பார்க்கிறேன்" என்று சொல்லி போனை வைத்தேன். குழாயை மாற்ற ஒரு தேத்தண்ணி ஆறுகிற நேரம்கூட எடுக்கவில்லை.

பின்னேரம் அவர் வந்து தானே ஓட்டினார். நான் பக்கத்தில் இருந்தேன். ஒன்றிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து மூன்று, வெண்ணெய் போல வழுக்கிக்கொண்டு போனது. அவர் ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தார். "பார்ட் அமெரிக்காவிலிருந்து வேகமாகத்தான் வந்திருக்கிறது" என்றார். நான் ரோட்டைப் பார்த்தேன். கராஜ் வாசலில் இறங்கியதும் அவர் கையை நீட்டினார். எங்கள் பக்கத்தில் செத்தவீட்டில் இருந்து கிளம்பும்போது "போட்டு வாறன்", அதாவது போய்வருகிறேன், என்று சொல்வதில்லை; சொல்லாமல் எழும்பிப் போய்விடவேண்டும். ஆனால் சாக நாள் எடுத்துவிட்டு, சிரித்த முகத்தோடு கை நீட்டுகிறவரிடம் என்ன சொல்வது? எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வாய் தன் பாட்டில் வழமையானதைச் சொல்லிவிட்டது: "ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் கொண்டு வாருங்கள். ஒயில் பார்க்கவேண்டும்." சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று விளங்கியது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. டக் என் கையை விடாமல், "சரி, கொண்டு வருவோம்" என்றார்.

வெள்ளிக்கிழமை முழுக்க நான் ஒரு நட்டையும் ஒழுங்காகப் பூட்டவில்லை. மேரி கோயிலுக்குப் போய் மெழுகுதிரி ஏற்றினாள். பாவத்துக்காகவோ அந்த மனிதருக்காகவோ என்று நான் கேட்கவில்லை.

கோடை முடிகிற நேரம், ஒருநாள் மத்தியானம், அந்த இளநீலப் பிக்கப் கராஜ் வாசலில் வந்து நின்றது. கையில் இருந்த ஒயில் துணியோடு வெளியே வந்தேன். வெள்ளைத் தலைமயிரோடு ஒரு பெண் இறங்கி வந்தார். "நான் மார்ஜி. அப்பொயின்ட்மென்ட் எடுக்கவில்லை, மன்னித்துக்கொள். ஆயிரம் ஓடியதும் உன்னிடம் காட்டச் சொல்லி வாக்கு வாங்கிவிட்டுத்தான் டக் போனார். வீட்டில் சும்மா இருந்தால் ஆயிரம் எப்படி வரும்? அதனால் ஒவ்வொரு நாளும் ஏரிக்கரையோரம் ஓடினேன்" என்றார்.

கியர்பொக்ஸ் ஒயில் கம்பியை இழுத்துப் பார்த்தேன். நல்ல சிவப்பு. சரியென்று தலையை ஆட்டினேன். அவர் ஏறிக் கதவைச் சாத்தி, இந்த ஊர் வழக்கப்படி ஜன்னலுக்கு வெளியே கையை ஆட்டினார். நானும் ஆட்டத்தான் கையைத் தூக்கினேன். ஆனால் இரண்டு கையும் ஒயில் துணியோடு நெஞ்சுக்கு நேரே குவிந்துகொண்டன. செத்தவீட்டுக்காரியிடம் எங்கள் ஊரில் ஒருவரும் சொல்லாததைத் தமிழிலேயே சொன்னேன்.

"போட்டு வாங்கோ அம்மா."