பாதிக் கட்டணப் பிள்ளை

பன்னிரண்டாம் வகுப்பில் நான் எடுத்தது சுமாரான மதிப்பெண். அரசு கல்லூரியில் நர்சிங் சேர அது போதவில்லை. இங்கே தனியாரிடம் சேர்க்க அப்பாவின் மல்லிகைத் தோட்டம் போதவில்லை. சாணார்பட்டிப் பக்கம் எங்கள் ஊர்.

திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்கு எதிரே மாடியில் இருந்த ஏஜென்ட், கர்நாடகத்தில் ஒரு கல்லூரி சுமாராகப் படிப்பவர்களுக்கும் மெரிட் ஸ்காலர்ஷிப் தருகிறது, பாதிக் கட்டணம் கட்டினால் போதும் என்றார். மார்க்கே இல்லாத பிள்ளைக்கு எதற்கு மெரிட் என்று அப்பா கேட்டார். அங்கே சீட் காலியாகக் கிடக்கிறது என்று ஏஜென்ட் சிரித்தார். அவர் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை.

சேர்ந்த வாரமே மேடையில் ஏற்றி, சால்வை போட்டு, கையில் பெரிய அட்டைக் காசோலையைக் கொடுத்துப் படம் எடுத்தார்கள். கீழே இறங்கியதும் அடுத்த வரிசைக்கு வேண்டுமென்று அட்டையை வாங்கிக்கொண்டார்கள்.

முதலாண்டில் ஒரு பாடத்தில் தோற்றேன். ஸ்காலர்ஷிப் ரத்து, முதல் வருடச் சலுகையையும் திருப்பிக் கட்ட வேண்டும், அதுவரை சேரும்போது வாங்கி வைத்த பள்ளிச் சான்றிதழ் கிடையாது என்றார்கள். அப்பா பஸ் பிடித்து வந்தார். முதல்வருக்கென்று ஈரத்துணியில் சுற்றி மல்லிகை கொண்டு வந்திருந்தார். முதல்வர் அதைச் சாமி படத்துக்குப் போடச் சொல்லிவிட்டு, நான் நிற்கும்போதே தமிழிலேயே சொன்னார்: "சுமாரான பிள்ளைக்கு நாங்க இடம் குடுத்ததே பெருசு."

அம்மாவின் தோடு போனது. சான்றிதழ் வந்தது. ஊர் திரும்பி, திண்டுக்கல்லிலேயே பி.காம். சேர்ந்தேன்.

அடுத்த மே மாதம் பேருந்து நிலையத்தில் அந்தக் கல்லூரியின் பெரிய பேனர் கட்டியிருந்தார்கள். அதில் நான், காசோலையோடு சிரித்துக்கொண்டிருந்தேன். அதைப் பார்த்துத்தான் பக்கத்து வீட்டு அத்தை, என்னைப் போலவே மதிப்பெண் எடுத்த தன் மகளை அங்கே அனுப்ப முடிவு செய்தார். நான் போய் நடந்ததையெல்லாம் சொன்னேன். அத்தை வெங்காயம் உரிப்பதை நிறுத்தாமல் கேட்டார்.

"நீ படிக்க மாட்டாம வந்துட்ட. அதுக்காக எம்மகளும் வீட்டுல கெடக்கணுமாக்கும்?"

 அந்தப் பெண் புதுப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். அப்பாவும் ஒருமுறை போய்ச் சொல்லிப் பார்த்தார். வயிற்றெரிச்சல் என்று தெருவே பேசியது.

அவளும் அதே கதையோடு ஒரே வருடத்தில் திரும்பினாள். மறுநாள் காலை நான் கல்லூரிக்குக் கிளம்பும்போது அத்தை வாசலில் நின்றார். அழவில்லை.

"ஏத்தா, ஒனக்குத்தான் எல்லாம் தெரியும்ல. எங் கால்ல விழுந்தாச்சும் தடுத்திருக்கலாம்ல?"

 எனக்குக் கோபம்கூட வரவில்லை. அவரைத் தாண்டிப் போய் பஸ் ஏறினேன்.

அதன்பின் அவளை யாரும் வெளியே பார்க்கவில்லை. தை மாதம் அவளுக்குக் கல்யாணம் முடித்தார்கள். மாப்பிள்ளைக்கு அவளைவிட ரொம்பவே வயது கூட என்று கேள்விப்பட்டோம். எங்களை அழைக்கவில்லை.