சூடான பானெட்டும் நல்ல நேரமும்

1. எலுமிச்சம்பழத்தோடு வந்தவர்கள்

பழைய கார் வாங்கத் துணைக்கு என்னைக் கூப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் தனியாகத்தான் வருவார்கள். கலைச்செல்வி டீச்சர் குடும்பத்தோடு வந்திருந்தார். அப்பா, அம்மா, ஒரு ரோஜா மாலை, பை நிறைய எலுமிச்சம்பழம், தேங்காய், சூடம். திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் இருந்த ரைஸ் மில்லுக்குள் நான் பைக்கை நிறுத்தியபோது, டீச்சரின் அம்மா மாலையை எந்தப் பக்கம் கட்டுவது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ஷெட்டில் கார் நின்றது. கறுப்பு நிற ஜெர்மன் செடான். நன்றாகத் துடைத்து வைத்திருந்தார்கள். அதில் முகம் பார்த்துத் தலை சீவலாம். நான் யாரிடமும் பேசாமல் நேராகப் போய் பானெட்டில் கையை வைத்தேன். சூடாக இருந்தது. நிழலில் நிற்கிற வண்டி சுடக் கூடாது. சந்தேகத்துக்கு பானெட்டைத் திறந்து ரேடியேட்டர் ஹோஸையும் தொட்டுப் பார்த்தேன். அதுவும் சுட்டது.

எனக்குச் சட்டென்று கோபம் வரும். அது என் ஒர்க்‌ஷாப்புக்கு வருகிற எல்லோருக்கும் தெரியும். சார்ஜாவில் ஒரு கராஜில் பல வருஷம் இந்த மாதிரி பெரிய வண்டிகளோடு கிடந்துவிட்டு, பிறகு தஞ்சாவூரில் ஒர்க்‌ஷாப் போட்டவன் நான். இப்போது அதை மருமகன் பார்த்துக்கொள்கிறார். நான் கார் வாங்குகிறவர்களோடு போய் வண்டியைப் பார்த்துச் சொல்வதோடு சரி. இந்தத் தொழிலில் இருக்கிற தம்பிகளுக்கு முதலில் சொல்வது இதுதான். சொகுசு வண்டி வாங்கும்போது சீட், சன்ரூஃப், டிவி எல்லாம் கடைசியில் பாருங்கள். ராத்திரி முழுக்க நின்று ஆறிப்போன இன்ஜின் முதல் தடவை ஸ்டார்ட் ஆகும் சத்தத்தைக் கேளுங்கள். இன்ஜினுக்குள் தேய்ந்துபோன பாகம் ஏதாவது இருந்தால் அந்தச் சில நொடியில் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். சூடு ஏறிவிட்டால் அதுவும் நல்ல பிள்ளையாகிவிடும். ஏமாற்ற நினைக்கிறவன் அதனால்தான் நீங்கள் வருவதற்கு முன்பே வண்டியை ஓட்டிச் சூடாக்கி வைப்பான்.

2. மில்காரர்

வண்டியின் சொந்தக்காரர் ராஜமாணிக்கம். மில்லும் அவருடையதுதான். வெள்ளை வேட்டி, மெதுவான பேச்சு. எல்லோருக்கும் நாற்காலி போடச் சொல்லியிருந்தார். டீச்சரின் அப்பா கோவிந்தசாமி ஒரு காலத்தில் வலங்கைமான் பக்கம் நெல் மூட்டை தூக்கியவர். அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். ராஜமாணிக்கம் அதைக் கவனித்துவிட்டு, "நல்லா சாஞ்சு உக்காருங்க. இடுப்பு வலின்னு ஒங்க பொண்ணு சொல்லுச்சு" என்றார். அவர் சாய்ந்துகொண்டார்.

நான் கோபத்தை அடக்கிக்கொண்டு கேட்டேன். "வண்டிய இன்னைக்கு ஓட்டினீங்களா?"

"ஆமா பாய். காலையிலயே கல்லணை ரோட்டுல ஒரு சுத்து ஓட்டிட்டு வந்து நிறுத்துனேன்" என்றார். மறைக்கவே இல்லை.

"எதுக்கு?"

"நல்ல நேரத்துல சாவியத் திருப்புறப்ப, ஒருவேளை ஸ்டார்ட் ஆகாம போச்சுன்னா? பேட்டரி கீட்டரி மக்கர் பண்ணுச்சுன்னா? பாவம், ஆசையா வந்துருக்காங்க. மனசு சங்கடப்படும்ல."

என் கோபம் போன இடம் தெரியவில்லை. அவர் பேச்சில் கள்ளம் இல்லை. எங்கள் பக்கம் இது வழக்கமாகவே ஆகிவிட்டது. வாங்குகிறவர்கள் நல்ல நேரம் பார்த்து வந்து முதல் தடவை சாவியைத் திருப்புவார்கள். அந்த நேரத்தில் வண்டி இருமினால் சகுனம் சரியில்லை என்று முகம் வாடிவிடும். அதனால் விற்கிறவர் நல்ல மனசோடு வண்டியை முன்கூட்டியே சூடாக்கி வைப்பார். எத்தன் செய்கிற வேலையையே இவரும் செய்திருந்தார், பாவம், அவர்களுக்கு நல்லது நினைத்து.

3. கோவிந்தசாமிக்கு ஏன் பெரிய கார்

கோவிந்தசாமிக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரத்துக்கு இரண்டு முறை வலங்கைமானிலிருந்து தஞ்சாவூருக்கு டயாலிசிஸுக்கு வர வேண்டும். மூட்டை தூக்கித் தூக்கி இடுப்பும் தேய்ந்துபோயிருந்தது. பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வருவார். வாடகைக்கு எடுத்த சின்னக் காரில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தால் ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கருக்கும் உயிர் போகும். டயாலிசிஸ் முடிந்து திரும்பும்போது தலை சுற்றும், படுக்கவும் முடியாது. டீச்சர் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது இந்த மாதிரி ஒரு காரின் பின்சீட்டில் உட்கார்ந்திருக்கிறார். சீட் பின்னால் சாய்கிறது, பள்ளம் தெரியவில்லை. அன்றைக்கே முடிவு செய்துவிட்டார். அதற்காகத்தான் சேமித்தார், நகையையும் விற்றார்.

இதை அவர் முதலில் என்னிடம் சொன்னபோது நான் கொஞ்சம் கிண்டலாகப் பேசிவிட்டேன். "டீச்சர், இந்த வண்டிக்கு ஒரு சின்ன சென்சார் போனாலும் உங்க சம்பளம் பத்தாது. தெரியுமா?" என்றேன். அவர், "தெரியும் பாய். அதனாலதான உங்களக் கூப்பிடுறேன்" என்றார்.

இப்போது அவரைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். இன்ஜின் ஆறாமல் என்னால் சரி என்று சொல்ல முடியாது, நாளைக் காலையில் வர வேண்டும்.

"நாளைக்கு ஆடி பொறந்துடும் பாய். அப்பறம் ஒரு மாசம் அம்மா புதுசா எதையும் வீட்டுக்குள்ள விட மாட்டாங்க. அப்பாவால ஒரு மாசம் தாங்க முடியாது."

அவர் கண் கலங்கியது. எனக்கும் தர்மசங்கடம். நான் ஒரு பாய். அவர்கள் நல்ல நேரம் பார்த்து வந்த இடத்தில் நின்றுகொண்டு, நேரமெல்லாம் அப்புறம் பார்க்கலாம் என்று நான் சொன்னால் எப்படி எடுத்துக்கொள்வார்களோ என்று தயங்கினேன். ஆனால் பிறகு ஒருநாள் வண்டி நடு ரோட்டில் நின்றால் அந்த மனுஷன் டயாலிசிஸுக்குப் போவது எப்படி? மில்காரரிடமே போய் உள்ளதை உள்ளபடி சொன்னேன்.

அவர் டீச்சரின் அம்மாவிடம், "தங்கச்சி, வெத்தல பாக்கு இன்னைக்கே நல்ல நேரத்துல மாத்திக்குவோம். அப்ப பேச்சு ஆனியிலயே முடிஞ்சதா ஆயிடும். பாய் வண்டியப் பாத்தப்பறம் சாவிய நாளைக்கு வாங்கிக்கங்க" என்றார். அம்மாவுக்கு அது சரியாகப் பட்டது. வெற்றிலை பாக்கு மாற்றினார்கள். மாலையை மட்டும் அம்மா திரும்பப் பையில் வைத்துக்கொண்டார்.

மற்றதையெல்லாம் அன்றைக்கே பார்த்துவிட்டேன். கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்த்தேன், வெள்ளத்தில் நின்ற வாடை இல்லை. வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். அறுவடைக் காலத்தில் ரோட்டில் காய்கிற வைக்கோல் மேல் தாழ்வான வண்டி ஓடினால், வைக்கோல் டிரைவ் ஷாஃப்ட்டில் சுற்றிக்கொண்டு சைலன்சர் சூட்டில் கருகும். சில வண்டிகள் தீப்பிடித்தே எரிந்திருக்கின்றன. இதில் அப்படி எதுவும் இல்லை. நெல் இருக்கிற இடத்தில் எலி இருக்கும், எலி இருந்தால் ஒயரைக் கடிக்கும். ஒயரும் சுத்தமாக இருந்தது. ஸ்கேனரை மாட்டிப் பார்த்தேன், ஒரு எர்ரர் கூட இல்லை. எனக்கே ஆசை வந்துவிட்டது. நாளைக்கு இது நல்லபடியாக ஸ்டார்ட் ஆகிவிட வேண்டும் என்று மனதுக்குள் துஆ செய்துகொண்டேன்.

4. மில் ஓடுவதற்கு முன்

மறுநாள் காலை மில்லில் வேலை தொடங்குவதற்கு முன்பே போய்விட்டேன். டீச்சரும் வந்திருந்தார். முதலில் நான்கு சக்கரத்தையும் சுற்றி வந்தேன். இந்த மாதிரி வண்டியில் வண்டியைத் தாங்குகிற காற்றுப் பையில், அதாவது ஏர் சஸ்பென்ஷனில், ஓட்டை இருந்தால் ராத்திரி நின்றதில் ஒரு மூலை தாழ்ந்திருக்கும். தாழவில்லை. "நீங்களே ஸ்டார்ட் பண்ணுங்கய்யா" என்று ராஜமாணிக்கத்திடம் சொல்லிவிட்டு முன்னால் நின்றேன்.

அவர் சாவியைத் திருப்பினார். இன்ஜினுக்குள்ளிருந்து கரகரவென்று ஒரு சத்தம், தகரத்தின் மேல் சங்கிலியை இழுப்பது போல. கொஞ்ச நேரம்தான். பிறகு அடங்கி, வண்டி பூனை மாதிரி உறுமியது.

டைமிங் செயின். இன்ஜினுக்குள் இருக்கிற இந்தச் சங்கிலி தேய்ந்து தளர்ந்தால், ஆயில் மேலே ஏறுகிற வரை இப்படிச் சத்தம் போடும். ஒருநாள் அறுந்தால் இன்ஜின் மொத்தமும் காலி. இந்த மாடலில் அது கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிறது, மாற்ற வேண்டுமானால் இன்ஜினையே இறக்க வேண்டும். டீச்சரிடம் அதற்குக் கையில் ஒன்றும் மிஞ்சியிருக்காது.

ராஜமாணிக்கம் இறங்கி வந்து என் முகத்தைப் பார்த்தார். "இந்தச் சத்தத்த நான் கேட்டதே இல்ல பாய்" என்றார். நான் நம்பினேன். டிரைவர் இருந்தவரை வண்டி சூடாகித்தான் வாசலுக்கு வரும். டிரைவர் வேலையை விட்ட பிறகு அவரே ஸ்டார்ட் செய்தார், ஆனால் எப்போதும் மில் ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில்தான். அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்பவன் பேசுவதே கேட்காது. கல்லணை ரோட்டில் ஓட்டிய அன்றும் அப்படித்தான் கிளம்பியிருக்கிறார்.

"தெரிஞ்சு குடுக்கலம்மா" என்று அவர் டீச்சரிடம் சொன்னார். "எம்பொண்ணா நெனச்சுத்தான் குடுத்தேன். வேணாம், இந்த வண்டி உனக்கு வேணாம்."

டீச்சர் அழவில்லை. "அப்பாகிட்ட என்ன சொல்றது?" என்று மட்டும் கேட்டார். தெருவில் எல்லோரிடமும் கோவிந்தசாமி சொல்லிவிட்டாராம், அடுத்த வாரம் படுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போகப்போகிறேன் என்று.

5. ஆடி மாதத்தில்

ராஜமாணிக்கம் சும்மா இருக்கவில்லை. தஞ்சாவூரில் அவருக்குப் பழக்கமான ஒரு வயதான வக்கீல் தன் ஜப்பான் செடானை விற்கப்போவதாகக் கேள்விப்பட்டு எனக்குப் போன் செய்தார். சொகுசில் ஒரு படி கீழேதான். ஆனால் பின்பக்கம் கால் நீட்டலாம், சீட்டும் சாயும். ரிப்பேர் வந்தால் சமாளிக்கிற வண்டி. வக்கீலிடம் அவரே கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். "நாங்க வர்ற வரைக்கும் சாவியத் தொடாதீங்க."

இதைச் சொல்ல நான் டீச்சர் வீட்டுக்குப் போனேன். அம்மா ஒரே பிடியாக நின்றார். "ஆனியில பாத்ததே இப்படி ஆச்சு. ஆடியில போய் வாங்கணுமா? ஆவணி வரட்டும்" என்றார். டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார்.

உள்ளே கட்டிலில் படுத்திருந்த கோவிந்தசாமி எழுந்து வந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஆடி மாசம்னு ஆஸ்பத்திரிக்காரன் என்னை வர வேணாங்குறானா?" என்று மனைவியைக் கேட்டார். "செவ்வாக்கெழம போகணும், வெள்ளிக்கெழம போகணும். ஒடம்புக்கு ஆடி தெரியல. ஒனக்கு மட்டும் ஏன் தெரியுது? சட்டையக் குடு, வண்டியப் பாத்துட்டு வருவோம்."

அம்மா சட்டையை எடுத்துக் கொடுத்தார்.

வக்கீல் வீட்டில் பானெட் பச்சைத் தண்ணீர் மாதிரி குளிர்ந்திருந்தது. ராகு காலமா, எமகண்டமா என்று அன்றைக்கு யாரும் பார்க்கவில்லை, அல்லது பார்த்தும் சொல்லவில்லை. சாவியைத் திருப்பியதும் ஒரு இருமல் கூட இல்லாமல் ஸ்டார்ட் ஆனது. நான் காதை வைத்துக் கேட்டேன், ஸ்கேனரையும் மாட்டினேன், அடியிலும் படுத்துப் பார்த்தேன். "எடுத்துக்கங்க டீச்சர்" என்றேன். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்.

தம்பிகளுக்குச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. இத்தனை வருஷம் என்ன வண்டி, என்ன மாடல், எவ்வளவு ஓடியிருக்கிறது என்றுதான் முதலில் கேட்பேன். இப்போது வண்டியில் யார், எந்த சீட்டில், எதற்காக உட்காரப்போகிறார்கள் என்று கேட்கிறேன். அதற்குப் பதில் கிடைத்துவிட்டால் எந்த வண்டி வேண்டும், எது வேண்டாம் என்பது தானாகத் தெரிந்துவிடுகிறது. அதன் பிறகு சடங்கு பார்க்கிறவர்களோடு சண்டை போடவும் வேண்டியதில்லை. அவர்களும் தங்கள் வீட்டு ஆள் நல்லபடியாக இருக்க வேண்டும் என்றுதான் பார்க்கிறார்கள்.

வண்டி வாங்கிய பிறகு வந்த முதல் வெள்ளிக்கிழமை டீச்சர் போன் செய்தார். "ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்துட்டோம் பாய். அப்பா எந்திரிக்கல" என்றார். "என்னம்மா சொல்றீங்க?" என்றேன்.

"தூங்குறாரு பாய். பாபநாசம் தாண்டுறதுக்குள்ள தூங்கிட்டாரு. எழுப்ப மனசு வரல."