எல்லோரும் ஹெந்தளையில் குடியேறிய காலை

கொட்டாஞ்சேனையில் நான் வேலை செய்யும் பார்சல் அனுப்பும் கடையின் வாடிக்கையாளர் ஒருவர் ஹெந்தளைக்கு வீடு மாறினார். அவருடைய முகவரியை மாற்ற கணினியின் தரவுத்தளத்தில் எஸ்கியூஎல் கட்டளை எழுதினேன். யாருடைய முகவரி என்று குறிக்கும் வரியை விட்டுவிட்டேன். திரையில் எல்லா வாடிக்கையாளர்களும் ஹெந்தளையின் ஒரே வீட்டில் குடியேறிவிட்டார்கள்.

ஓ.எல். பரீட்சை எழுதாமல் பள்ளியை விட்ட எனக்கு இந்த வேலையும் போனால் யார் வேலை தருவார்கள்? கடைக்கு மென்பொருள் செய்து தந்த ஷாமினி அக்காவை அழைத்தேன்.

"மாத்தினதை உறுதிப்படுத்த கமிட் அடிச்சனீங்களோ?"

"இல்லை அக்கா. பயத்தில நான் எப்பவும் சரிபாத்துப்போட்டுத்தான் அடிக்கிறனான்."

"உங்கட பயம் வாழ்க. ரோல்பேக் எண்டு அடியுங்கோ."

அடித்தேன். கண் இமைப்பதற்குள் அத்தனை பேரும் அவரவர் வீட்டுக்குத் திரும்பியிருந்தார்கள்.

நான் உறுதி சொல்லும்வரை அந்தத் தரவுத்தளம் காத்திருந்திருக்கிறது. என்னைப் போலப் பயந்த யாரோதான் அதை அப்படிச் செய்திருக்க வேண்டும்.