மிச்சம் வைக்காத டாக்டர்

அந்த ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு: ‘மிச்சம் வைக்காதவங்க’. ஆப்பரேஷன் தியேட்டர் நர்சுகள் முதுகுக்குப் பின்னால் சொல்ல ஆரம்பித்தது, போகப் போக அவர் காதுபடவே புழங்க ஆரம்பித்தது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமை என்றே சொல்லலாம்.

முதுகுத்தண்டிலோ மூளையிலோ கட்டி என்று வந்தால் அதைத் துளி விடாமல் எடுப்பதுதான் அவருடைய தொழில், குணம், பிடிவாதம் எல்லாம். வேலைக்குச் சேர்ந்த புதிதில், வேறெங்கோ பாதி எடுத்து அனுப்பப்பட்டவர்கள்தான் அவரிடம் அதிகம் வந்தார்கள். விட்டுவைத்த துண்டு திரும்ப வளர்ந்து தண்டுவடத்தை நெரிக்க, நடந்து போனவர்கள் சக்கர நாற்காலியில் வந்தார்கள். அதைப் பார்த்துப் பார்த்து அவருக்கு மனசு வெறுத்துப்போயிற்று. அதிலிருந்து, மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தால் முழுசாக எடுத்துவிட்டுத்தான் நிமிர்வார். கழுத்து பிடித்துக்கொள்ளும், கால் மரத்துப்போகும், பக்கத்தில் மயக்க டாக்டர் கொட்டாவி விடுவார். இவர் அசைய மாட்டார். வீட்டிலும் இதே கதைதான். “எங்க வீட்டுல பேஸ்ட் ட்யூபை லேசுல தூக்கிப் போட முடியாது. கத்தரிக்கோலால வெட்டி, உள்ள இருக்கிறதையும் வழிச்சு எடுத்துடுவா” என்று கணக்கு வாத்தியாரான அவர் கணவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அப்படிப்பட்டவரிடம்தான் அந்த லிஃப்ட் மெக்கானிக் வந்து சேர்ந்தார். வேலை செய்த இடத்தில் வலிப்பு வந்து விழுந்தவர். ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் இடதுபக்க மூளையில், பேச்சு உருவாகும் இடத்தை ஒட்டி ஒரு கட்டி. மெதுவாக வளரும் ரகம். முழுதாக எடுத்துவிட்டால் பல வருஷம் நிம்மதியாக இருக்கலாம். கை ஒரு நூல் பிசகினால் பேச்சு போய்விடும்.

இந்த மாதிரிக் கட்டிக்கு ஒரு வழி இருக்கிறது. மண்டையோட்டைத் திறந்த பிறகு ஆளை மயக்கத்திலிருந்து எழுப்பிவிடுவார்கள். மூளைக்கு வலி தெரியாது. அவர் பேசிக்கொண்டே இருக்க வேண்டும், டாக்டர் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பேச்சு தடுமாறினால் கை அங்கேயே நின்றுவிட வேண்டும். ஆக, இதற்கு வாயாடிகள்தான் தோது. நம் மெக்கானிக்கோ வாயில் கொழுக்கட்டையோடு பிறந்தவர். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் அவரோடு உட்கார்ந்து மன்றாடிப் பார்த்தாள். படத்தைக் காட்டினால் பெயரைச் சொன்னார். அதற்கு மேல் எதைக் கேட்டாலும் “ம்”.

“இவர் எப்பவாவது நிறையப் பேசுவாரா?” என்று அவர் மனைவியிடம் டாக்டர் கேட்டார்.

“என்கூட சண்டை போடுறப்ப மட்டும் பேசுவாரு டாக்டர். அப்ப அந்த வாயை மூட வைக்கத்தான் கஷ்டம்.”

டாக்டர் நேராக சூப்பரின்டெண்டன்ட் அறைக்குப் போனார். “தியேட்டருக்குள்ள வெளியாளை விடுறதா?” என்று அவர் குதித்தார். “பொண்டாட்டி எப்படி சார் வெளியாளு?” என்று இவர் கேட்டார். அனுமதி கிடைத்தது.

ஆப்பரேஷன் அன்று, பச்சை அங்கியும் மாஸ்க்கும் மாட்டி அந்த மனைவியைக் கணவர் முகத்துக்கு நேரே ஒரு ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். பக்கத்தில் படங்களோடு பேச்சுப் பயிற்சிப் பெண், திரைக்கு அந்தப் பக்கம் டாக்டர்.

“அன்னிக்குக் குழாயைத் திறந்து போட்டுட்டு ஊருக்குக் கிளம்பினது யாரு?” என்று அவள் ஆரம்பித்தாள். “வீடு பூரா தண்ணி. மெத்தை ஊறிப் போச்சு.” கல்யாணமான வருஷத்துச் சண்டை அது. இன்னும் தீர்ப்பாகவில்லை.

“நான் மூடிட்டுத்தான் பூட்டினேன்.” மெக்கானிக்கின் குரல் எழும்பியது. “நீதான் கை கழுவணும்னு மறுபடி உள்ள போன.”

“குழாய்ல தண்ணியே வரலைன்னு சொன்னது நீங்கதானே!”

“வரலைன்னா மூடக் கூடாதா? திறந்தபடியே விட்டுட்டு வந்துட்டு, பேச்சைப் பாரு!”

நர்சுகள் மாஸ்க்குக்குள் சிரித்தார்கள். கட்டி துண்டு துண்டாக வெளியே வந்தது. கடைசியில் பட்டாணி அளவு மிச்சம். அதையும் எடுத்துவிட்டால் வேலை முடிந்தது.

“அப்ப ஒத்துக்குங்க, நீங்கதான் திறந்து விட்டீங்க.”

“சரி.”

“மெத்தையை வெயில்ல போடாததும் நீங்கதான்.”

“சரி… சரி.”

பதில் வந்துவிட்டதே என்று பயிற்சிப் பெண் தலையாட்டினாள். டாக்டரின் கருவி மறுபடி உள்ளே போனது.

“டாக்டர், நிறுத்துங்க!” மனைவி எழுந்தே விட்டாள். “என்னமோ ஆயிடுச்சு. இவரு சரின்னு சொல்ற ஆளே இல்ல!”

டாக்டர் சட்டென்று கையை எடுத்தார். பயிற்சிப் பெண் அவசரமாகக் கத்தரிக்கோல் படத்தை நீட்டினாள். மெக்கானிக் அதை உற்றுப் பார்த்தார். “சரி” என்றார். அடுத்து சாவிப் படம். அதற்கும் “சரி”.

அந்த இடத்தில் குளிர்ந்த உப்புநீர் விட்டுக் கழுவிக் காத்திருந்தார்கள். பேச்சு திரும்பவில்லை. மைக்ராஸ்கோப்பின் வெளிச்சத்தில் அந்தப் பட்டாணி தெளிவாகத் தெரிந்தது. எடுப்பது பெரிய காரியமில்லை. எடுத்துப் பழகிய கை துறுதுறுத்தது. டாக்டர் கண்ணை விலக்கி நிமிர்ந்தார்.

“மூடிடலாம்.”

“மேடம், மிச்சம் இருக்கே?” என்றாள் நர்ஸ்.

“தெரியுது. மூடும்மா.”

அதன் பிறகு ஒரு வாரம் டாக்டர் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. வீக்கம் வடிந்தால் பேச்சு வரலாம் என்று மனைவிக்கு ஆறுதல் சொன்னதும் அவர்தான், வராவிட்டால் என்ன செய்வது என்று தூக்கம் கெட்டதும் அவர்தான். அந்தக் கடைசித் துண்டின் மேல் ஆசை வைத்துத் தாமதித்துவிட்டோமோ என்று உள்ளுக்குள் பயந்தார். மெக்கானிக் எல்லாவற்றுக்கும் சரி என்றார், சாப்பிட்டாச்சா என்றாலும், வலிக்கிறதா என்றாலும். மனைவி அவரோடு சண்டை போடுவதையே நிறுத்திவிட்டாள். அவர் சரி என்று சொல்லிவிடுவாரோ என்று அவளுக்குப் பயம்.

ஒரு நாள் காலை ரவுண்ட்ஸில் டாக்டர் அவளிடம் உண்மையைச் சொன்னார். “கொஞ்சம் விட்டுட்டேம்மா. அது திரும்ப வளரலாம். அடிக்கடி ஸ்கேன் எடுத்துப் பாக்கணும். வளந்தா மறுபடி தலையைத் திறக்க வேண்டி வரும்.”

“வளந்தா வளரட்டும் டாக்டர். திறந்து பாத்துக்கலாம்” என்றாள் அவள்.

கட்டிலிலிருந்து ஒரு குரல், தட்டுத் தடுமாறி, கோபமாக வந்தது.

“உனக்கென்ன… சொல்லிட்டுப் போயிடுவ. தலை… என்னுது.”

ஒரு வாரமாகக் கண் கலங்காதவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். அடுத்த கட்டில்காரர் தன் முறைக்காகக் காத்திருந்தார். அவரிடம் போக டாக்டருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.