நனையாத துணி

வீட்டில் அவனுக்கு அரைகுறை என்று பெயர். வைத்தது அக்கா. அதற்கு அவளிடம் சாட்சிகள் இருந்தன. கூடத்துச் சுவர் பாதி நீலம், பாதி பழைய வெள்ளை. மாடிப்படிக்குக் கீழே அக்கு அக்காகக் கழற்றிய சைக்கிள், பூட்டத்தான் ஆள் இல்லை. நாலு பாட்டோடு நின்றுபோன புல்லாங்குழல் ஒன்று அலமாரியில் கிடந்தது. எதையும் ஆசை ஆசையாக ஆரம்பிப்பான். பாதியில் ஆசை வேறு பக்கம் போகும், பின்னாலேயே அவனும் போய்விடுவான். சொந்தக்காரர்கள் அவனைத் தண்ணீர் தெளித்து விட்டு ரொம்ப நாளாயிற்று.

வேலை மட்டும் நிலைத்தது. லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கும் பட்டறையில் கடைசி மேசை அவனுடையது. தையல் ஓடிய இடங்களில் மெழுகு தடவுவான். காய்ந்ததும் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிப் பார்ப்பான். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடினால் பாய் தேறிவிட்டது. உறிஞ்சினால் மறுபடியும் மெழுகுதான்.

அக்காவின் கணவர் கப்பலில் சமையல்காரர். வருஷத்தில் பாதி கடலில் இருப்பார். ஆகவே குழந்தை பிறந்த பிறகு அந்த வீட்டில் அக்கா, அவள் மகள், அரைகுறை மாமன் என்று மூன்றே பேர். கடையில் வாங்கிய டயப்பர் குழந்தைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. தொடை இரண்டும் சிவந்து தடித்து, தொட்டாலே வீறிட்டது. அக்கா இரண்டு பழைய போர்வைகளை எடுத்தாள், சதுரம் சதுரமாக வெட்டினாள், ஓரம் அடித்தாள். மடித்துக் கட்டி மேலே ஓர் உறை போட்டால் முடிந்தது. வாரத்துக்கு வாரம் டயப்பருக்குக் கரைந்த காசு மிச்சமானது. தொடையும் ஆறியது.

பிறகு அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை கிடைத்தது. மூன்று மாதம் பார்ப்பார்கள், பிடித்தால் நிரந்தரம். குழந்தையைப் பக்கத்துத் தெருக் காப்பகத்தில் விட ஏற்பாடானது. துணி வாளி தம்பியின் தலையில் விழுந்தது.

"மொதல்ல பச்சத்தண்ணியில அலசு. அப்புறம் வெந்நீர்ல ஒரு ஸ்பூன் சோப்புத்தூள். நுரை போற வரைக்கும் அலசிட்டு வெயில்ல போடு. அவ்வளவுதான். வேற எதுவும் பண்ணாதே" என்று தினமும் காலையில் செருப்பு மாட்டிக்கொண்டே ஒப்பிப்பாள். அவனும் தினமும் தலையாட்டுவான்.

ஒரு வாரத்தில் வாளி மூலைக்குப் போய்விடும் என்று அவள் நினைத்தது தப்பாயிற்று. அவன் விடவில்லை. கழிப்பறையில் தட்டி, அலசி, மூடிபோட்ட வாளியில் சேர்த்து, ஒருநாள் விட்டு ஒருநாள் துவைத்து, மொட்டைமாடிக் கொடியில் வரிசையாகக் காயப்போட்டான். அந்த வரிசையைப் பார்த்தால் இடுப்பில் இருக்கும் குழந்தை இரண்டு கையையும் தட்டும். அதற்கு மேல் ஒரு மாமனுக்கு என்ன வேண்டும்? அவன் உச்சி குளிர்ந்துபோகும்.

ஒரே ஒரு குறைதான் அவன் மனதை உறுத்தியது. வெயிலில் காய்ந்த துணி அட்டை மாதிரி விறைத்துக்கொண்டு வந்தது. பூ மாதிரிக் குழந்தைக்கு இதையா கட்டுவது? மளிகைக் கடையில் ஒரு பாட்டில் கண்ணில் பட்டது. துணியை மெத்தென்று ஆக்கும் வாசனைத் திரவம். பாட்டில் மேல் ஒரு குழந்தை பொக்கை வாயைக் காட்டிச் சிரித்தது. வாங்கி வந்து வாளிக்குப் பின்னால் ஒளித்துவைத்தான். வீண் செலவு என்று அக்கா எண்ணெயில் இட்ட கடுகாகப் பொரிவாள் என்ற பயம்தான் காரணம். கடைசி அலசலில் ஒரு மூடி ஊற்றுவான். அன்றைக்குக் குஷியாக இருந்தால் இரண்டு மூடி.

துணி மெத்தென்று ஆனது, கமகமவென்று மணத்தது. "எந்த சோப்பு சார் போடறீங்க?" என்று காப்பகத்து ஆயாம்மாவே கேட்டார். அவன் பெரிய மனுஷன்போல ஒரு சிரிப்புச் சிரித்துவைத்தான்.

தொல்லை மெல்லத்தான் வந்தது. ஒருநாள் குழந்தையின் கவுன் நனைந்து வந்தது. இன்னொரு நாள் கவுனோடு படுக்கையும் நனைந்தது. காப்பகத்திலிருந்து அக்காவின் கடைக்குப் போன் போனது. கடையில் போன் எடுத்தால் முதலாளிக்கு முகம் சுருங்கும். மூன்றாம் மாதம் ஓடிக்கொண்டிருந்தது வேறு. வீட்டிலோ ஒன்றும் தெரியவில்லை, ஏனென்றால் காப்பகம் போக ஆரம்பித்த பிறகு வீட்டில் குழந்தைக்கு எதுவும் கட்டுவதில்லை, ஒரு பழைய விரிப்புதான்.

வெள்ளிக்கிழமை மாலை குழந்தையை எடுக்கப் போனவனைக் காப்பகத்து மேடம் வாசலிலேயே மறித்தார்.

"திங்கட்கிழமையிலேர்ந்து கடை டயப்பர் குடுத்து அனுப்புங்க. முடியலேன்னா வேற எடம் பாத்துக்குங்க. தெனமும் மெத்தை துவைக்க எங்களால ஆகாது."

அவன் கணக்குப் போட்டுப் பார்த்தான். கடை டயப்பர் போட்டால் குழந்தையின் தொடை. போடாவிட்டால் அக்காவின் வேலை. வேறு காப்பகம் என்றால் இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். அவனுக்கு யார் மேலாவது பாய வேண்டியிருந்தது. ஆயாம்மா மேல் பாய்ந்தான்.

"நேரத்துக்கு மாத்தினா ஏங்க நனையப் போவுது? காலையில கட்டினதை சாயங்காலம்தானே அவுக்கறீங்க?"

ஆயாம்மா குரலை உயர்த்தவில்லை. "மாத்திக்கிட்டேதான் சார் இருக்கேன். கட்டின கையோட ஒழுகுது. துணி காஞ்சாப்பல இருக்கு, புள்ளதான் நனையுது. எனக்கே ஒண்ணும் புரியல."

"துணி காஞ்சிருக்குமாம், புள்ள நனையுமாம்! நல்லா இருக்குங்க கதை" என்று சொல்லிவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டான். வீட்டில் அக்காவிடம் மேடம் சொன்னதைச் சொன்னான். திட்டியிருந்தால்கூடத் தேவலாம் என்று இருந்தது. "வேலையை விட்டுர்றேன்னு திங்கட்கிழமை சொல்லிடறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுக்கப் போனாள்.

சனிக்கிழமை அக்காவுக்கு லீவு, அவனுக்குப் பட்டறை உண்டு. மனசே இல்லாமல் மெழுகு தடவினான். மனசே இல்லாமல் குவளைத் தண்ணீரை ஊற்றினான். தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டு, பாயின் மேல் உருண்டு, மேசை விளிம்பில் வழிந்து, அவன் கால்சட்டையை நனைத்தது. பழக்கதோஷத்தில் பாயைத் தடவிப் பார்த்தான். பாய் காய்ந்தே இருந்தது. அவன்தான் நனைந்திருந்தான்.

பேயறைந்தது மாதிரி நின்றான். பிறகு பட்டறை முதலாளியிடம் ஓடினான்.

"அவசரமா வீட்டுக்குப் போகணுங்க."

"என்னப்பா, வயிறு சரியில்லையா?"

"துணி சரியில்லைங்க."

முதலாளி அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, போ என்று கையைக் காட்டினார்.

வீட்டுக்குள் நுழைந்தவன் அக்காவைத் தாண்டிக்கொண்டு உள்ளே போனான். மடித்துவைத்த அடுக்கிலிருந்து ஒரு துணியை எடுத்துத் தரையில் விரித்து, சொம்புத் தண்ணீரைச் சாய்த்தான். தண்ணீர் துணியின் மேல் குண்டு குண்டாக நின்றது. கொஞ்சம் யோசித்தது. பிறகு உருண்டு தரைக்குப் போனது. அவன் ஆயுளில் எத்தனையோ பாயைத் தேற்றி அனுப்பியிருக்கிறான், இவ்வளவு நேர்த்தியாக ஒன்று அமைந்ததில்லை.

"என்னடா இது?" என்றாள் அக்கா.

"தார்ப்பாய். புள்ளைக்கு நான்தான் தார்ப்பாய் பண்ணிக் கட்டியிருக்கேன்."

வாளிக்குப் பின்னாலிருந்து பாட்டிலை எடுத்து அவள் முன் வைத்தான். "கடைசி அலசல்ல இதை ஊத்தினேன், மெழுகு மாதிரி படிஞ்சிருக்கு" என்றான். பாட்டில் குழந்தை இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தது. அக்காவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"அவ்வளவுதான், வேற எதுவும் பண்ணாதேன்னு தெனம் சொன்னேனேடா! என் வேலை போவுதுடா!"

"எல்லாத்தையும் பாதியில விட்டவன்னு பேரு. இதை ஒண்ணையாவது முழுசாப் பண்ணுவோம்னு நெனச்சேன்க்கா. கொஞ்சம் கூடவே பண்ணித் தொலைச்சுட்டேன்."

தம்பியின் கண் நிறைந்திருப்பதை அக்கா பார்த்தாள். குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு, "அடுப்புல பெரிய பாத்திரத்தை வை" என்றாள்.

அன்றும் மறுநாளும் அந்த வீட்டில் வேறு வேலை நடக்கவில்லை. சோப்புத்தூள் ஒரு ஸ்பூன் போட்டு வெந்நீரில் துவைத்தார்கள். பிறகு சோப்பே இல்லாமல் வெறும் வெந்நீர், அதன் பிறகும் வெந்நீர். ஒவ்வொரு தடவையும் வாசனை கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது. ஞாயிறு சாயங்காலம் ஒரு துணியின் மேல் சொட்டுத் தண்ணீர் விட்டார்கள். விழுந்த இடத்திலேயே சொட்டு காணாமல் போனது. துணி பழையபடி அட்டை மாதிரி விறைத்திருந்தது. அக்கா அதை இரண்டு கையிலும் கசக்கி உதறினாள். "இப்படி நாலு கசக்கு கசக்கினா மெத்துனு ஆயிடும். கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல?" என்றாள்.

திங்கட்கிழமை காலையில் அவன் முதலில் போய் நின்றது ஆயாம்மாவிடம்.

"தப்பு என்னோடதுங்க. நீங்க சொன்னதுதான் சரி. நான்தான் கண்டதையும் ஊத்திக் கெடுத்துட்டேன். அன்னிக்குப் பேசினதை மனசுல வெச்சுக்காதீங்க."

ஆயாம்மா குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். "புள்ளைக்காகத்தானே கோவப்பட்டீங்க. ஆனா மனுஷியை நம்பிட்டு அப்புறமா கோவப்பட்டிருக்கலாம்." அவன் தலையைக் குனிந்துகொண்டான். ஆயாம்மா துணிப் பையையும் வாங்கிக்கொண்டார். "சரி, இன்னிக்கு ஒரு நாள் துணியே கட்டறேன். மேடத்துக்கிட்ட நான் பேசிக்கறேன். ஒழுகிச்சுன்னா நாளைக்கு என்னைக் கேக்காதீங்க."

அன்று பட்டறையில் அவன் ஊற்றிய தண்ணீரெல்லாம் உருண்டு ஓடியது. ஒவ்வொரு தடவையும் அவனுக்குக் காப்பகத்து மெத்தை ஞாபகம் வந்தது. மாலை மணி அடித்ததும் காப்பகத்துக்கு நடக்கவில்லை, ஓடினான்.

ஆயாம்மா வாசலில் நின்றிருந்தார். குழந்தையின் கவுன் காலையில் போட்ட கவுன்தான், காய்ந்திருந்தது. அவர் ஈரத்துணிப் பையை நீட்டினார். வாங்கியதும் அவன் கை கீழே இறங்கியது.

"கனமா இருக்கா?" என்றார் ஆயாம்மா.

"கனமா இருக்குங்க" என்றான்.

அக்கா வீடு திரும்பியபோது அவன் வாசலிலேயே அந்தப் பையோடு உட்கார்ந்திருந்தான். செருப்பைக்கூடக் கழற்றவிடாமல் பையை அவள் கையில் கொடுத்தான்.

"தூக்கிப் பாருக்கா."

அவள் தூக்கிப் பார்த்தாள். ஒரு தடவை போதாதென்று இன்னொரு தடவையும் தூக்கிப் பார்த்தாள். வேலையை விடுகிறேன் என்று அன்று கடையில் அவள் சொல்லியிருக்கவில்லை. சாயங்காலம் வரை பார்க்கலாம் என்று வாயைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். அதை இப்போதுதான் அவனிடம் சொன்னாள்.

மறுநாள் காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் வரை போனாள். வாளியோடு நின்றிருந்த தம்பி, பச்சத்தண்ணியில் தொடங்கும் அந்தப் பாடத்துக்காகத் தலையாட்டத் தயாராகக் காத்திருந்தான்.

"வரேன்டா, அரைகுறை" என்றாள் அக்கா. அதோடு தெருவில் இறங்கி நடந்துவிட்டாள்.